பழைய அகலத் திரை மொனிட்டர்: சரியான ரெசல்யூஷன் வரவில்லை, உதவி தேவை

திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். உயர்தரம் படிக்கும் தங்கச்சிக்காக மாமா வீட்டிலிருந்து பழைய மொனிட்டர் ஒன்றைக் கொண்டுவந்தேன். பின்பக்க ஸ்டிக்கர் உப்புக்காற்றில் அழிந்துவிட்டது, மொடல் இலக்கம் தெரியவில்லை. கணினியை இணைக்கும் விஜிஏ (பழைய அனலொக் வகை), டிவிஐ (டிஜிட்டல் வகை) செருகிடங்கள் இரண்டும் உண்டு.

லப்டொப்பில் விஜிஏ வழியாக இணைத்தால் ரெசல்யூஷன், அதாவது திரையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கை, 1024×768க்கு மேல் வரவில்லை. வட்டம் வரைந்தால் முட்டை மாதிரி இழுபடுகிறது, அவளுடைய கணக்கு வரைபடங்கள் எல்லாம் கோணல். விண்டோஸ் 10 இதை 'ஜெனரிக் நான்-பிஎன்பி மொனிட்டர்' என்கிறது, அதாவது திரை தன் விபரத்தைக் கணினிக்குச் சொல்லவில்லை.

டேப் வைத்து அளந்தேன்: அகலம் 47.4 செ.மீ., உயரம் 29.6 செ.மீ. கணக்குப் பார்த்தால் மூலைக்கு மூலை 22 அங்குலம், அகல–உயர விகிதம் 16:10. அப்படியென்றால் 1680×1050 ஆக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கேபிள் மாற்றினேன், டிரைவர் புதுப்பித்தேன், பக்கத்து வீட்டு லப்டொப்பிலும் பார்த்தேன், அதே கதைதான். அதே கேபிள் வேறு மொனிட்டரில் ஒழுங்காக வேலை செய்கிறது. அதனால் விஜிஏ பக்கத்தில் விபரம் அனுப்பும் சிப் பழுது என்று சந்தேகம். லப்டொப்பில் எச்டிஎம்ஐ (இதுவும் டிஜிட்டல் வகை) செருகிடம் இருக்கிறது, ஆனால் டவுனில் கேட்ட இரண்டு கடையிலும் எச்டிஎம்ஐ–டிவிஐ கேபிள் இல்லை. கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும்.

விஜிஏ பக்கம் இப்படிப் பழுதான மொனிட்டரில், டிவிஐ வழியாக 1680×1050 கிடைத்த அனுபவம் யாருக்காவது இருக்கிறதா?