பட்டியலின் வரிசையை மாற்றினால் பிள்ளையின் தரமும் மாறுகிறது (பைதான் 3) – உதவி தேவை

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
வணக்கம். கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் பத்தாம் ஆண்டுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். மூன்று தவணைப் புள்ளிகளையும் கூட்டிச் சராசரி எடுத்துத் தரம் போடுகிற ஒரு சின்னச் செய்நிரலைப் பைதான் என்ற கணினி மொழியில் எழுதினேன். இப்போதுதான் பழகுகிறேன். பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் கடைசி வரை ஓடுகிறது. ஆனால் 72, 78, 74 எடுத்த ஒரு பிள்ளைக்குச் சராசரி 74.67 என்று சரியாக வந்து, பக்கத்தில் எஸ் என்று விழுகிறது. எஸ் என்றால் 35 முதல் 49 வரை அல்லவா?

இன்னும் குழப்பம் என்னவென்றால், பெயர்களை அகர வரிசைக்கு மாற்றி ஓட்டினேன், அதே பிள்ளைக்கு ஏ வந்தது. புள்ளியில் ஒரு இலக்கம்கூட மாற்றவில்லை. இந்தக் கிழமை தேர்ச்சி அறிக்கை கொடுக்க வேண்டும். யாராவது விளங்கப்படுத்துங்கள்.

வெள்ளவத்தை உயர்தர மாணவன்:
ரீச்சர், புள்ளிகளை இன்புட் மூலம் வாங்கினீர்களா? இன்புட் எப்போதும் சரமாகத்தான், அதாவது வெறும் எழுத்துத் தொடராகத்தான் தரும். இன்ட் போட்டு எண்ணாக மாற்ற வேண்டும். எங்கள் ஐசிடி வகுப்பில் எல்லாரும் முதலில் மாட்டுகிற இடம் அது.

தெகிவளை ஐசிடி ஆசிரியர்:
அது இல்லை தம்பி. சரங்களாக இருந்திருந்தால் 72ஐயும் 78ஐயும் கூட்டும்போது 7278 என்று ஒட்டிக்கொள்ளும். அதை 3ஆல் வகுக்கப் போனால் டைப் எரர் காட்டி நின்றுவிடும். சராசரி சரியாக வந்திருப்பதால் பிழை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

ரீச்சர், தரம் தீர்மானிக்கிற வரிகளை அப்படியே எழுதுங்கள். பட்டியலில் அந்தப் பிள்ளைக்கு முன்னால் இருக்கிறவருக்கு என்ன தரம் வந்தது என்றும் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
போனில் எழுதுவதால் வாயால் சொல்வது போலச் சொல்கிறேன் சேர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தரம் ஓடுகிற ஃபோர் சுழலுக்குள் ஐந்து இஃப் இருக்கிறது:

இஃப் சராசரி 75 முதல் 100 வரை, தரம் = ஏ
இஃப் சராசரி 65 முதல் 74 வரை, தரம் = பி
இஃப் சராசரி 50 முதல் 64 வரை, தரம் = சி
இஃப் சராசரி 35 முதல் 49 வரை, தரம் = எஸ்
இஃப் சராசரி 0 முதல் 34 வரை, தரம் = டபிள்யூ

பிறகு பெயர், சராசரி, தரம் மூன்றையும் பிரின்ட் பண்ணுகிறேன். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தேன், பைதான் 3 ஏற்றுக்கொண்டது. முன்னால் இருக்கிற பிள்ளைக்கு 41.33, எஸ். அகர வரிசையில் போட்டபோது முன்னால் இருந்தவர் ஏ எடுத்தவர்!

தெகிவளை ஐசிடி ஆசிரியர்:
அப்போ பிடிபட்டுவிட்டது. 74.67ஐ எடுத்துக்கொண்டு உங்கள் ஐந்து வரிகளையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 75 முதல் 100க்குள் இருக்கிறதா? இல்லை. 65 முதல் 74க்குள்? அதுவும் இல்லை, 74ஐத் தாண்டிவிட்டது. மற்ற மூன்றிலும் இல்லை. அந்தப் பிள்ளை எந்த வரியிலும் அகப்படவில்லை.

எந்த இஃபும் பொருந்தாவிட்டால் பைதான் உங்களுக்கு அறிவிக்காது, பேசாமல் அடுத்த வரிக்குப் போகும். தரம் என்ற மாறியில் அப்போது என்ன இருக்கும்? முந்தின சுற்றில் போட்டது. சுழல் அடுத்த பிள்ளைக்குப் போகும்போது மாறி தானாக வெறுமையாவதில்லை. அதனால்தான் முன்னால் இருப்பவரின் எஸ் இவருக்கு வந்தது, வரிசையை மாற்றியதும் இன்னொருவரின் ஏ வந்தது. இந்தப் பிள்ளையைப் பட்டியலின் முதலாவதாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். தரம் என்ற பெயரே இன்னும் இல்லை என்று நேம் எரர் வரும்.

தாளில் அச்சடித்த அட்டவணையில் 65–74, 75–100 என்று இருப்பது முழு எண்களுக்கு. சராசரி தசமத்தில் வந்தால் ஒவ்வொரு எல்லையிலும் ஓர் இடைவெளி திறந்துவிடும். மேல் எல்லையை விட்டுவிட்டு மேலிருந்து கீழே வாருங்கள் (எலிஃப் என்றால் மேலே எதுவும் பொருந்தாவிட்டால் மட்டும் பார், எல்ஸ் என்றால் மிச்சம் எல்லாம்):

இஃப் சராசரி 75 அல்லது அதற்குக் கூட: ஏ
எலிஃப் 65 அல்லது கூட: பி
எலிஃப் 50 அல்லது கூட: சி
எலிஃப் 35 அல்லது கூட: எஸ்
எல்ஸ்: டபிள்யூ

இடைவெளி விழ வழியே இல்லை. எலிஃபுக்குப் பதிலாகத் தனி இஃப் போட்டுவிடாதீர்கள். போட்டால் 82 எடுத்தவருக்கும் 35க்கு மேல் என்பது உண்மைதானே, கடைசியில் எஸ் விழும்.

வெள்ளவத்தை உயர்தர மாணவன்:
சேர், அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டு சராசரிக்கு ரவுண்ட் போட்டுக் கிட்டிய முழு எண்ணாக்கினால் போதாதா?

தெகிவளை ஐசிடி ஆசிரியர்:
இடைவெளி மூடும், ஆனால் விடை மாறும். ரவுண்ட் போட்டால் 74.67 என்பது 75 ஆகி ஏ. போடாவிட்டால் பி. இதைத் தீர்மானிக்க வேண்டியது பாடசாலை. ரீச்சர் கேட்டுவிட்டு எழுதுவதுதான் நியாயம்.

ரவுண்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. பைதான் 3இல் 74.5ஐ ரவுண்ட் பண்ணினால் 74 வரும், 75.5ஐப் பண்ணினால் 76 வரும். சரிபாதியாக இருந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும். நாங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது பாதி என்றால் மேலே என்று. மூன்று முழு எண்களின் சராசரியில் .5 வராது, ஆனால் இரண்டு தவணைக்கு மட்டும் போட்டால் வரும். மேலேதான் போக வேண்டும் என்றால் சராசரியோடு 0.5ஐக் கூட்டி இன்ட் போடுங்கள், அது தசமப் பகுதியை வெட்டிவிடும்.

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
பகுதித் தலைவரிடம் கேட்டேன். இங்கே வழக்கமாக முழு எண்ணாக்கித்தான் தரம் போடுவார்களாம், பாதி என்றால் மேலே. அதனால் 0.5 கூட்டி இன்ட் போட்டு, எலிஃப் வரிசையும் வைத்தேன். பிள்ளைக்கு இப்போது ஏ, எந்த வரிசையில் போட்டாலும் ஏ.

எல்லைகளுக்குப் பக்கத்தில் இருக்கிற மற்றவர்களையும் தேடினேன். 34.67 எடுத்த ஒருவருக்கு முன்னால் இருந்தவரின் பி விழுந்திருந்தது. உண்மையில் எஸ். கூடுதலாக வந்ததால் யாரும் கேட்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. ஒரு தவணை வராத பிள்ளைக்கு 0 போடலாமா சேர்?

தெகிவளை ஐசிடி ஆசிரியர்:
போடாதீர்கள். 70, 70, 0 என்றால் சராசரி 46.67, பி எடுக்கிறவர் எஸ்ஸுக்கு இறங்கிவிடுவார். அந்த இடத்தில் நன் (None, பைதானில் மதிப்பு எதுவும் இல்லை என்பதற்கான சொல்) போட்டு, நன் இல்லாத புள்ளிகளை மட்டும் கூட்டி அவற்றின் எண்ணிக்கையால் வகுங்கள். சுகவீனமா, வேறு காரணமா என்பதைப் பொறுத்துப் பாடசாலை வேறு மாதிரிச் சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

அப்புறம், சராசரி எடுப்பதற்கு முன்னால் நன் இல்லாத ஒவ்வொரு புள்ளியும் 0க்கும் 100க்கும் இடையில் இருக்கிறதா என்று ஒரு இஃப் வையுங்கள். இப்போதைய எலிஃப் வரிசையில் 78க்குப் பதில் 780 என்று விரல் தவறி அடித்தாலும் ஏதும் சொல்லாமல் ஏ கொடுத்துவிடும். எல்லைக்கு வெளியே இருந்தால் பெயரைக் காட்டி "புள்ளியைச் சரிபார்க்கவும்" என்று பிரின்ட் பண்ணட்டும், தரம் போட வேண்டாம்.