நிலாவெளிக் கிணற்றுக்கு நானோத் துகள் உதவுமா?

நிலாவெளிவாசி:
பக்கத்து விடுதியின் மலக்குழி கசிந்து எங்கள் கிணற்றில் கிருமி சேர்ந்துவிட்டது. கொதித்தாறிய நீர் குடித்தே காஸ் தீர்கிறது. டைட்டானியம் டைஒக்சைட் என்ற வெள்ளைத் தூளின் மிக நுண்ணிய நானோத் துகளில் வெயில் பட்டால், தண்ணீரிலிருந்தே ஹைட்ரொக்சில் மூலிகங்கள் என்ற, எதையும் உடனே தாக்கும் இரசாயனக் கூறுகள் பிறந்து கிருமியைச் சிதைக்கும். இதற்கு வழிகாட்டிய ஆய்வை ஜப்பானின் புஜிஷிமாவும் ஹொண்டாவும் 1972 இலேயே வெளியிட்டார்கள். நம் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையில் டைட்டானிய மணலைத் தோண்டிக் கப்பலேற்றும் நமக்கு இன்னும் ஏன் தயக்கம்?

கிண்ணியா ஆசிரியர்:
தம்பி, புல்மோட்டை இல்மனைட் இரும்பும் டைட்டானியமும் கலந்த தாது. அமிலத்திலோ குளோரினிலோ பதப்படுத்தினால்தான் நீங்கள் சொல்லும் வெள்ளைத் தூள் கிடைக்கும். அந்தத் தூளும் 387 நானோமீற்றருக்குக் குறைந்த ஊதாக்கடந்த கதிருக்கே விழிக்கும். சூரிய ஒளியில் அது 5 சதவீதமளவுதான். உங்கள் கேத்தலின் அடியில் வெள்ளை படிகிறதா?

நிலாவெளிவாசி:
படிகிறது. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கிண்ணியா ஆசிரியர்:
அந்தப் படிவு வன்னீரின் அடையாளம். வன்னீரில் கரைந்துள்ள பைகாபனேற்று என்ற உப்புக்கூறு அந்த மூலிகங்களை விழுங்கிவிடும், கிருமிக்கு மிச்சம் குறையும். தண்ணீரின் உப்பையோ இந்த முறை தொடவே தொடாது. 20 நானோமீற்றர் துகளை எந்தத் துணியால் வடிப்பீர்கள்?

நிலாவெளிவாசி:
கண்ணாடித் தகட்டில் படியவைத்தால் வடிக்க வேண்டியதில்லை!

கிண்ணியா ஆசிரியர்:
சரி, ஆனால் தகட்டைத் தொடும் தண்ணீர்தான் சுத்தமாகும். சாயப்பட்டறைக் கழிவுக்கு, விளக்கும் பம்பியும் வைத்து ஓட்டினால், நானே கைதட்டுவேன். வீட்டு வாளிக்கு அல்ல.

உப்புவெளி அக்கா:
இருவரும் தூளை விடுங்கள். தெளிந்த தண்ணீரை நிறமற்ற பிளாஸ்டிக் போத்தலில் நிரப்பி ஆறு மணிநேரம் வெயிலில் கிடத்தினாலே பெரும்பாலான கிருமி சாகும். மேகமூட்டமானால் இரண்டு நாள். என் கூரையில் எப்போதும் பன்னிரண்டு போத்தல் கிடக்கும். மாரியில் மட்டும் அடுப்புத்தான்.

நிலாவெளிவாசி:
அக்கா, விடுதிச் சவர்க்காரத் தண்ணீரும் கலக்கிறதே, அதைப் போத்தல் என்ன செய்யும்? சவர்க்காரத்தையும் சிதைப்பதால் அங்கேதான் நானோ வெல்கிறது.

கிண்ணியா ஆசிரியர்:
அந்த ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் எத்தனை அடி?

நிலாவெளிவாசி:
முப்பது இருக்கும்.

கிண்ணியா ஆசிரியர்:
மணல் நிலம். இன்று சுத்தம் செய்தால் நாளை திரும்ப ஊறிவரும். முதலில் குழியை மாற்றச் சொல்லுங்கள்.

நிலாவெளிவாசி:
குழி அவர்களுடையது ஐயா. கிணறு மட்டும்தான் என்னுடையது.