கடற்கரை மேடை: முன்னால் சத்தத்தைக் கூட்டுவதா, நடுவில் ஸ்பீக்கர் பெட்டி வைப்பதா?

உப்புவெளிப் பெடியன்:
போன கிழமை திருகோணமலைக் கடற்கரையில் நடந்த இசை நிகழ்ச்சியில் முன்வரிசைக்குக் காது அடைத்தது, பின்னால் நின்றவர்களுக்குப் பாட்டில் ஒரு வரியும் விளங்கவில்லை. பாதித் தூரத்தில் டிலே போட்டு (மேடைச் சத்தம் அங்கே வந்து சேரும் நேரத்துக்கு ஒலியைப் பிந்தவைத்து) இன்னொரு சோடிப் பெட்டி வைத்திருக்க வேண்டும்.

புனல் மாமா:
நடுவில் பெட்டி வைத்தால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் கேட்கும், தம்பி. நல்ல ஆம்ப்ளிஃபயர் இருந்தால் மேடையிலிருந்தே கடைசி ஆள் வரைக்கும் தள்ளலாம். திருவிழாக்களுக்குப் புனல் ஸ்பீக்கர் கட்டிய ஆள் சொல்கிறேன்.

உப்புவெளிப் பெடியன்:
கணக்குப் பார்க்காமல் வைத்தால்தான் இரண்டு தரம் கேட்கும், மாமா. 30 பாகை வெக்கையில் ஒலி செக்கனுக்குச் சுமார் 349 மீற்றர் போகும். 35 மீற்றரில் வைக்கிற பெட்டிக்கு 100 மில்லிசெக்கன் டிலே. மேலே ஒரு 10, 15 சேர்த்துவிட்டால் மேடைச் சத்தம் முந்திக்கொள்ளும். பக்கத்துப் பெட்டி கொஞ்சம் பலமாகக் கேட்டாலும் பாடகர் மேடையில் நின்று பாடுவதாகவே காது எடுத்துக்கொள்ளும். ஜேர்மன் ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் 1949இலேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்.

நீங்கள் சொல்கிற 'தள்ளுவது' என்ன விலை தெரியுமா? வெட்டவெளியில் சாதாரணப் பெட்டியின் சத்தம் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபெல் விழும். அதை ஈடுகட்ட 4 மடங்கு வாட்ஸ் வேண்டும். அவ்வளவும் முன்வரிசைப் பிள்ளைகளின் காதில்தான் இறங்கும்.

ரெக்கோடிங் அறை:
இரண்டு பேரும் காற்றை மறந்துவிட்டீர்கள். மேடை கடலோரம், சனம் மேற்கே. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எதிர்த்து அடிக்கும்போது ஒலி மேல்நோக்கி வளைந்து பின்னால் நிற்பவர்களின் தலைக்கு மேலால் போய்விடும். அதற்கு வாட்ஸ் உதவாது. (ஸ்டூடியோவில் சுவரோடுதான் என் சண்டை. இங்கே சுவரே இல்லை, அது ஒரு நிம்மதி.)

புனல் மாமா:
கச்சான் கதை சரி. அப்போ மேடையைத் திருப்பிப் போட்டால் காரியம் முடிந்தது, டிலே எதற்கு? கோயில் மண்டபம் என்றால் தூணுக்குத் தூண் சின்னப் பெட்டி நானும் கட்டுவேன், சத்தத்தைக் குறைத்து. மணலில் ஸ்டாண்ட் நிற்குமா? சனத்துக்குள்ளால் கரண்ட் வயர் இழுத்தால் யார் காவல்?

உப்புவெளிப் பெடியன்:
ஸ்டாண்டுக்கு அடியில் பலகை, சுற்றி வேலி, வயருக்கு மேல் ரப்பர் மூடி. டிலே இப்போதைய டிஜிட்டல் மிக்ஸரின் அவுட்புட்டிலேயே இருக்கிறது, தனிச் சாமான் தேவையில்லை.

புனல் மாமா:
பலகையும் வேலியும் வாடகைக் கணக்கில் ஏறும். விழாக் குழு சம்மதித்தால் வைத்துப் பாருங்கள். நான் கடைசி வரிசையில் நின்று கேட்கிறேன்.