புதுப்பிப்பு: எலியைத் தொடாமல் இருந்த எங்கள் பால் பைத்தான்

எங்கள் வீட்டில் வளர்க்கும் ஆண் பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஒரு வகை மலைப்பாம்பு) இரையைத் தொட மறுக்கிறது, என்ன செய்வது என்று கார்த்திகையில் கேட்டிருந்தேன். சாப்பிட்டுவிட்டான்! பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வாயைத் திறந்து ஊட்டிவிடச் சொன்னார்கள் சிலர். அதை நான் செய்யவில்லை, இனியும் செய்ய மாட்டேன். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த இனத்தில் வளர்ந்த ஆண்கள் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடப்பது சகஜம். பார்க்க வேண்டியது எடையைத்தான். அது பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ, வாயில் சளி கட்டினாலோ மருத்துவரிடம் ஓட வேண்டும். இவனுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை.

மதுரையில் சூட்டுக்கு என்ன குறை என்று தோன்றலாம். ஆனால் மார்கழி ராத்திரியில் எங்கள் தரைத்தள அறை குளிர்ந்துவிடுகிறது. சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு ஹீட் மேட் (சூடு தரும் மின்விரிப்பு) போட்டு, பெட்டியின் ஒரு பக்கத்தை 32 டிகிரியிலும் மறுபக்கத்தை 26-லும் நிறுத்தினோம். இரண்டு பக்கமும் உடம்பு ஒட்டி நுழையும் அளவுக்குச் சின்ன மறைவிடம் வைத்தோம். அப்புறம் கையில் எடுக்காமல் விட்டுவிட்டோம். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

தை மாதம் சட்டையை முழுசாக உரித்தான். அதன்பிறகு உறைந்த எலியை உருக்கி, சுடுநீரில் சூடாக்கி, நீள இடுக்கியால் நீட்டினேன். ஒரே பாய்ச்சல்!

நம் ஊர் மலைப்பாம்பை வளர்க்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: கூடவே கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது அது. அழகர்மலைப் பக்கம் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பாம்பான பால் பைத்தானுக்கே மத்திய அரசின் 2024 விதிகளின்படி அதன் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும்.