95 சதவீதம் குறி தவறினால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மண்டபம் அறுகோணம்:
பத்து வருஷமாக மேசையில் ஆடுகிறவன் நான். தாயமும் கேரமும் வீட்டோடு வந்தவை, அவற்றைச் சொல்லவில்லை. அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம், பகடை, விதிப்புத்தகம் என்று நாலு பேர் உட்கார்ந்து ஆடும் போர்டு கேம்களைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் ஒரு தடவை பேட்டில்டெக் பெட்டி கொண்டுவந்தார், ராட்சதப் போர் எந்திரங்கள் மோதிக்கொள்ளும் ஆட்டம், அதிலிருந்து பிடித்த பழக்கம். இந்தத் தடைக்காலத்தில் விசைப்படகுகள் 61 நாள் கரையில் கட்டிக் கிடக்க, ஐஸ் கம்பெனியில் எனக்கும் வேலை பாதியாகிவிட்டது. சரி என்று தம்பி மகனின் லேப்டாப்பை வாங்கி, எல்லோரும் புகழ்கிற விண்வெளி வீடியோ கேம்களை ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தேன்.

முதலில் பேட்டில்டெக், 2018இல் வந்தது. 1984இல் மேசைக்கு இதைக் கொண்டுவந்த ஜோர்டன் வைஸ்மனின் நிறுவனமே செய்த வீடியோ கேம் என்பதால் ஆசையாகத் தொடங்கினேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் மேசையில் வெப்பக் கணக்கை என் கையால் எழுதுவேன். நடந்தால் 1, ஓடினால் 2, பெரிய துகள் பீரங்கியைச் சுட்டால் 10, வெப்பத் தணிப்பான் ஒன்றுக்கு 1 கழியும். மீதி 14ஐத் தொட்டால் எந்திரம் அணையாமலிருக்கப் பகடை உருட்ட வேண்டும், 30ஐத் தொட்டால் பகடைக்கே இடமில்லை, அணைந்தது அணைந்ததுதான். அந்தக் கட்டங்களைப் பென்சிலால் ஒவ்வொன்றாக நிரப்பும்போது வயிற்றைப் பிசையும். திரையில் ஒரு பட்டை ஏறுகிறது, இறங்குகிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்து எக்ஸ்காம், வீரர்களை வைத்து வேற்றுக்கிரகத்தாரோடு சண்டை போடும் வீடியோ கேம். வேற்றுக்கிரகத்தான் இரண்டு கட்டம் தள்ளி நிற்கிறான், குறி படும் வாய்ப்பு 95 சதவீதம் என்று காட்டுகிறது, சுட்டால் தவறுகிறது. யார் உருட்டினார்கள்? எப்போது உருட்டினார்கள்? நான் எதையும் பார்க்கவில்லை. அதைவிட, எக்ஸ்காம் 2இல் கஷ்டநிலை குறைவாக இருந்தால் காட்டுகிற சதவீதத்தைவிட உண்மையான சதவீதத்தை ரகசியமாக ஏற்றிவைத்திருக்கிறார்கள் என்று அதைச் செய்த ஜேக் சாலமனே சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? 1994இல் வந்த முதல் எக்ஸ்காமிலோ ஒரு பிழை: நீங்கள் எந்தக் கஷ்டநிலையில் தொடங்கினாலும், சேவ் செய்து திரும்பத் திறந்தால் அது சத்தமில்லாமல் ஆரம்ப நிலைக்கு இறங்கிவிடும். எத்தனையோ பேர் தெரியாமலே ஆடியிருக்கிறார்கள். மேசையில் இப்படி ஒன்று அஞ்சு நிமிஷம் தாங்காது, எதிரே இருப்பவன் கையைப் பிடித்துவிடுவான்.

மனசுக்கு ஒட்டியது ஒன்றே ஒன்று, இன்டூ த பிரீச். எட்டுக்கு எட்டுக் கட்டம், நம்மிடம் மூன்று எந்திரம், ராட்சதப் பூச்சிகளிடமிருந்து கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும். பூச்சிகள் அடுத்து எதைத் தாக்கப் போகின்றன, எந்த வரிசையில் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. கட்டடம் அடியைத் தாங்க ஒரு சின்ன வாய்ப்பு உண்டு, அது தவிர நம் அடியில் அதிர்ஷ்டமே கிடையாது. ஆடுபுலி ஆட்டம் மாதிரி எல்லாம் கண்முன்னே இருக்கிறது. மற்ற ஆட்டங்களில் நான் ஜெயித்தபோதுகூட அது என் ஜெயம் என்று தோன்றவில்லை. விதி என் கையில் இல்லாத ஆட்டத்தை எப்படி நம்பி ஆடுகிறீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்டிக்காரன்:
அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன். 95 என்றால் இருபதில் ஒன்று தவறத்தான் செய்யும். தாயத்தை எடுங்கள். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் வெறும் முகம், ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டி ஒன்று வர 16 வழியில் 2 வழிதான், அதாவது எட்டில் ஒன்று. எட்டுத் தடவை உருட்டியும் தாயம் விழாமல் ஒரு காய்கூட இறக்காமல் உட்கார்ந்திருப்பவன் மூன்று பேரில் ஒருவன். அவனும் கட்டையில் கோளாறு என்றுதான் சொல்வான், கண்ணால் பார்த்துக்கொண்டேதான் சொல்வான்.

அப்புறம் விதி மறைந்திருப்பதைக் குற்றமாகச் சொல்கிறீர்கள். எனக்கு அந்த மறைவுதான் ஆட்டமே. அவுட்டர் வைல்ட்ஸ் என்று 2019இல் ஒன்று வந்தது. ஒரு சின்ன சூரியக் குடும்பம், ஓட்டைக் கப்பல் ஒன்று, 22 நிமிஷத்தில் சூரியன் வெடித்துவிடும், திரும்ப முதலிலிருந்து. சாமான் எதுவும் சேராது, பலம் கூடாது. போன தடவை என்ன தெரிந்துகொண்டோமோ அது மட்டும் மிச்சம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கிரகம், ஒன்றிலிருந்து மணல் தூணாக எழும்பி இன்னொன்றை நிரப்பிக்கொண்டே இருக்கும், ஒன்றில் மூடியிருந்தது திறக்கும்போது இன்னொன்றில் திறந்திருந்தது மூடும். இதற்கு மேல் சொல்லமாட்டேன், தெரிந்துவிட்டால் மறக்க முடியாது.

ஆடி முடித்த வாரம் தனுஷ்கோடிக்குப் போயிருந்தேன். பவளக்கல் வைத்துக் கட்டிய அந்தத் தேவாலயத்தின் சுவர் நிற்கிறதே, அதன் அடிக்கல்லை மணல் பாதி மூடியிருந்தது. 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால் இந்த வாசல் எந்தப் பக்கம் திறந்தது, ரயிலிலிருந்து இறங்கியவர் எந்த வழியாக நடந்து வந்திருப்பார் என்று ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எத்தனை தடவை அங்கே போயிருக்கிறேன், ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. ஒரு வீடியோ கேம்தான் அந்தக் கண்ணைக் கொடுத்தது. விதிப்புத்தகத்தை முதலில் படித்துவிட்டு ஆடினால் இது எங்கே கிடைக்கும்?

இன்னொன்று. நான் மொபைல் கடையில் ராத்திரி ஒன்பது வரை நிற்கிறேன். நாலு பேரைச் சேர்த்து நாலு மணி நேரம் உட்காருவதெல்லாம் எனக்கு வாய்க்காது. அந்தத் திரை மட்டும் காத்திருக்கிறது.

கச்சான்:
எக்ஸ்காம் பற்றி ஒரு தகவல். 2012இல் வந்ததில் சேவ் செய்து, தவறிய குறியைத் திரும்பச் சுட்டால் மறுபடியும் தவறும். பகடை எண்ணையும் சேர்த்தே சேமித்துவைக்கிறது. வேறொரு வீரனை முதலில் சுடவைத்தால்தான் முடிவு மாறும். இது நேர்மையான உருட்டல் என்பதற்குச் சாட்சி இல்லையா அண்ணே?

மண்டபம் அறுகோணம்:
தம்பி, நேர்மையாக இருக்கலாம். அதை நீ சோதனை செய்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் குறை. மேசையில் பகடை உருண்டு நிற்கிற இடத்தில் எல்லோருடைய கண்ணும் இருக்கும்.

தொண்டித் தம்பி, தனுஷ்கோடி பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அதை மறுக்கமாட்டேன். ஆனால் நீ சொல்வது தேடல். நான் கேட்பது போட்டி. ஜெயிப்பு தோற்பு என்று வந்துவிட்டால் விதி வெளியே இருக்க வேண்டும்.

போன வருஷம் எங்கள் திண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன். கச்சான் காற்று அடிக்கிற நாள், சீட்டெல்லாம் பறக்கும் என்று ஒவ்வொரு கட்டின் மேலும் சங்குத் துண்டு வைத்திருந்தோம். என் எந்திரம் முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. தண்ணீரில் நின்றால் தணிப்பான் கூடுதலாக ஒன்று தணிக்கும். எல்லாத் தணிப்பானுமா, காலில் இருப்பது மட்டுமா என்று சண்டை. அரை மணி நேரம் புத்தகத்தைப் புரட்டினோம், ஆட்டம் நின்றுவிட்டது. காலில் இருப்பது மட்டும் என்று தெரிந்தது, நான் தோற்றேன். இன்றைக்கும் அந்த விதி எனக்கு மறக்கவில்லை. கம்ப்யூட்டர் கேமில் தண்ணீருக்குள் இறங்கினேன், பட்டை இறங்கியது. எவ்வளவு இறங்கியது என்றுகூட நான் கவனிக்கவில்லை.

சோழிப்பெட்டி:
கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். மேசையில் எல்லாம் வெளியே இருக்கிறது என்று அண்ணன் சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் உம்மம்மா, அதாவது பாட்டி, தாயத்துக்குக் கட்டை தொடமாட்டார், ஆறு சோழிதான். எல்லாச் சோழியையும் முதுகுப்பக்கம் கல்லில் தேய்த்துத் தட்டையாக்கி ஒரு பித்தளைப் பெட்டியில் வைத்திருந்தார். அதில் இரண்டு மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்தவை. கையில் எடுத்துக் குலுக்கும்போதே எது வாய் மேலாக விழும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. நாங்கள் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தும் வருஷக்கணக்கில் தோற்றோம். பகடை கண்முன்னே உருண்டது, விதி அதற்குள்ளே இருந்தது. இப்போது அந்தப் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது.

விண்வெளிக் கதைக்கு வருகிறேன். நான் ஆடுவது டிராவலர், ஆளுக்கொரு பாத்திரமாக மேசையில் ஆடும் கதை ஆட்டம். 1977இல் மார்க் மில்லர் கொண்டுவந்தது. இரண்டு பகடை உருட்டி 2 கழித்தால் ஒரு கிரகத்தின் அளவு. திரும்ப உருட்டி 7 கழித்து அளவைக் கூட்டினால் அதன் காற்று. இப்படியே தண்ணீர், மக்கள், அரசு, சட்டம். ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் ஒரு நோட்டில் கிரகம் கிரகமாக உருட்டி எழுதிவைப்பேன். அந்த ஆட்டத்தை நடத்துகிறவர் அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அப்போது மேசைக்கும் திரைக்கும் என்ன வித்தியாசம்?

1984இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் செய்த எலீட் என்ற விண்வெளி வீடியோ கேமைப் பாருங்கள். 32 கிலோபைட் நினைவகம் உள்ள கம்ப்யூட்டரில் 8 விண்மீன் மண்டலம், மண்டலத்துக்கு 256 என்று 2048 உலகங்கள். ஒவ்வொன்றையும் எழுதிவைக்க இடமில்லாததால் சில எண்களை விதையாக வைத்து, தேவைப்படும்போது கணக்குப் போட்டு வரவைத்தார்கள். நான் நோட்டில் செய்வதன் பக்கத்து வீடு அது. என்னைக் கேட்டால் சிட்டிசன் ஸ்லீப்பர் என்ற வீடியோ கேமை அண்ணன் ஆடிப் பார்க்க வேண்டும், 2022இல் வந்தது. காலையில் எழுந்ததும் ஐந்து பகடை வரை உருண்டு கண்முன்னே நிற்கும், எந்த எண்ணை எந்த வேலைக்கு வைப்பது என்பது நம் கையில். உடம்பு கெட்டால் பகடை குறைந்துகொண்டே போகும். ஒரே ஒரு பகடை, அதிலும் இரண்டு விழுந்து நிற்கிற காலையில் சாப்பாட்டுக்குப் போவதா மருந்துக்குப் போவதா என்று நான் நிஜமாகவே கண்கலங்கினேன்.

மண்டபம் அறுகோணம்:
தங்கச்சி, உம்மம்மா பெட்டிக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வித்தியாசம் ஒன்று இருக்கிறது: உம்மம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். மறைப்புக்குப் பின்னால் உருட்டுகிறவரையும் நமக்குத் தெரியும், நாளைக்குக் கடைத்தெருவில் பார்ப்போம். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். திரையிடம் அதைக் கேட்க முடியாது.

தொண்டிக்காரன்:
அப்படியானால் எக்ஸ்காமையே போர்டு கேமாக 2015இல் எரிக் லாங் செய்தாரே, அதில் செல்போன் செயலி இல்லாமல் ஆடவே முடியாது, எதிரி எங்கே வருகிறான் என்பதைச் செயலிதான் சொல்லும், நேரத்தையும் அதுதான் ஓட்டும். மேசையின் நடுவிலேயே திரை வந்து உட்கார்ந்துவிட்டது. அதை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்? உங்களுக்குப் பிடித்த இன்டூ த பிரீச்சையே கேட்கிறேன். அதில் பூச்சி எதைத் தாக்கும் என்று காட்டுகிறது, சரி. ஏன் அதைத் தேர்ந்தெடுத்தது என்று காட்டுகிறதா?

மண்டபம் அறுகோணம்:
இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லாமல் ஆடிப் பார்த்துவிடலாம் என்றுதான் உங்களை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். வராதவர்களுக்காக எழுதுகிறேன்.

தொண்டித் தம்பி பஸ் மாறி வந்தார், சோழிப்பெட்டித் தங்கச்சி தன் காக்காவோடு, அதாவது அண்ணனோடு, வந்தார். செஸ் போர்டும் எட்டுக்கு எட்டுதானே, அதையே விரித்தோம். கட்டடத்துக்குச் சோடா மூடி. நம் எந்திரங்களுக்கு யானை, குதிரை, மந்திரி. பூச்சிகளுக்குச் சோழி. ஒவ்வொரு சோழியும் எந்தப் பக்கம் தாக்கப் போகிறது என்று காட்ட ஒரு தீக்குச்சி, மருந்து இருக்கும் முனை தாக்குகிற கட்டத்தைப் பார்த்து. நம் முறை வந்தபோது ரொம்ப நன்றாகவே ஓடியது. குதிரையை வைத்து ஒரு சோழியை ஒரு கட்டம் தள்ளினோம், அதன் தீக்குச்சி இப்போது இன்னொரு சோழியைக் குறிபார்த்தது, காக்கா எழுந்து நின்றே கைதட்டினார்.

பூச்சியின் முறை வந்ததும் நின்றுவிட்டோம். எந்தச் சோழியை எங்கே நகர்த்துவது? விதிப்புத்தகம் இல்லை. பக்கத்தில் இருக்கும் கட்டடத்தையா, பலமில்லாத எந்திரத்தையா? இரண்டு சுற்று ஆட நாற்பது நிமிஷம் ஆனது, அதில் அரை மணி நேரம் பூச்சிக்காக நாங்கள் யோசித்ததுதான். தொண்டித் தம்பி கேட்டது சரி. எனக்கு வெளிப்படையாகத் தெரிந்தது பாதிதான், மீதிப் பாதி திரைக்குள்ளேயே இருந்திருக்கிறது, ஆடும்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

கடைசியில் தங்கச்சி, பூச்சியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை நாங்கள் ஒரு தடவைகூடக் கட்டடங்களைக் காப்பாற்றவில்லை.

சோழிப்பெட்டி:
உம்மம்மா சோழிகள்தான் அவை. சொல்லாமல் விட்டது தப்பு, ஆனால் அன்றைக்கு உருட்டவே இல்லையே, நகர்த்தினோம்.

தொண்டிக்காரன்:
அண்ணே, நன்றாக இருந்தது, நானும் ரசித்தேன். ஆனால் தங்கச்சி பூச்சியை எடுத்ததும் அது இன்டூ த பிரீச் இல்லை, ஆடுபுலி ஆகிவிட்டது. பூச்சிக்கு நம்மீது கோபம் கிடையாது, கண்ணில் பட்டதைக் கடிக்கும். தங்கச்சி எங்களை நேராகவே குறிவைத்தார். இரண்டும் வேறு வேறு பயம், எனக்கு அந்த முதல் பயமும் வேண்டும். அடுத்த ஞாயிறு லேப்டாப்போடு வருகிறேன். அவுட்டர் வைல்ட்ஸ், நீங்கள் மட்டும் ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயே திறக்கமாட்டேன். இங்கே படிக்கிறவர்கள் யாரும் அவருக்கு எதையும் சொல்லிவிடாதீர்கள்.

மண்டபம் அறுகோணம்:
வா தம்பி. நோட்டும் பென்சிலும் எடுத்துவைக்கிறேன், விதி தெரியத் தெரிய எழுதிக்கொண்டே வருகிறேன்.