கோடை லீவில் பிள்ளைகளுக்குக் கூத்துப் பயிற்சி: வாத்தியார் கிடைக்கவில்லை, என்ன செய்யலாம்?

மருதாணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். செய்யாறுக்கும் வந்தவாசிக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பேரூராட்சி என்பதால் டவுன் என்று சொல்லிக்கொள்கிறோம், பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் இரண்டு பக்கமும் நெல் வயல்தான். கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் என்று ஒரு பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். போன பொங்கலுக்கு நாங்களே பணம் போட்டு ஒரு நாள் கலை விழா நடத்தினோம். பறை, ஒயில், கரகம், கடைசியில் ஒரு மணி நேரம் தெருக்கூத்து. கூட்டம் நன்றாகவே வந்தது, எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்கள், மறுநாள் பந்தலைப் பிரித்ததோடு சரி. அதற்கப்புறம் ஒரு பிள்ளைகூட வந்து இதைக் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் எங்கே அனுப்புவது என்று எங்களுக்கும் தெரியாது.

அதனால் இந்த வருடம் விழா வேண்டாம், மே மாதத்தில் பத்து நாள் பயிற்சி வைப்போம், ஆறாவது முதல் ஒன்பதாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு என்று முடிவு செய்தோம். பக்கத்தில் இரண்டு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், வாத்தியார்களைக் கேட்டால் இரண்டு பேரும் ஒரே பதில், "சித்திரை வைகாசியிலயாம்மா? ஆகாது." ஒருவர் மட்டும் ஒரு பையனை அனுப்புகிறேன், என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டார். எவ்வளவு கொடுப்பது நியாயம் என்று எங்களுக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சில அம்மாக்கள் ஓவியம் என்றால் அனுப்புகிறோம், பெண் பிள்ளையைக் கூத்துக்கு அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். இடமும் முடிவாகவில்லை, திரௌபதி அம்மன் கோயில் திடலைத் தருகிறேன் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். கடைசி நாள் ஒரு சின்ன நிகழ்ச்சி வைத்தால் போலீஸ் அனுமதி வேண்டுமா? நடத்தி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பின்பாட்டு எழுதியது:

அம்மா, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஜமாவில் இருக்கிறோம், நான் வேஷக்காரர்களுக்குப் பின்னால் நின்று கூடப் பாடுகிற பின்பாட்டோடு நின்றுவிட்டேன். அவர்கள் ஆகாது என்று சொன்னது இஷ்டம் இல்லாமல் அல்ல. பங்குனி பிறந்தால் ஆடி முடிகிற வரை எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கிற காலம். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, சில ஊரில் பத்து நாள், சில ஊரில் பதினெட்டு, அதற்கு மேலும் உண்டு. பத்து மணிக்கு மேல் களம் இறங்கி விடிய விடிய ஆடி, காலையில் வேஷம் கலைத்து, வேனில் தூங்கிக்கொண்டே அடுத்த ஊருக்குப் போய்ச் சேருவோம். சீசனுக்கு முன்பே முன்பணம் வாங்கி ஒரு ஜமாவுக்கு ஒப்புக்கொண்ட ஆள் ஒரு ராத்திரி வராவிட்டால் அந்த வேஷத்துக்கு வேறு ஆள் தேடி அலைய வேண்டும். வருடத்துச் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி அந்த நாலைந்து மாதத்தில்தான். பள்ளிக்கூட லீவும் எங்கள் சீசனும் ஒன்றாக வந்து மோதுகிறது, அதற்கு யார் என்ன செய்ய முடியும்.

நான் சொல்வது, மே மாதத்தில் கற்றுக்கொடுக்க ஆள் தேடாதீர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வையுங்கள். செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர் சுற்று வட்டாரத்தில் அந்த மாதம் எங்கேயாவது பாரதம் நடந்துகொண்டுதான் இருக்கும். பிள்ளைகளை விடிய விடிய உட்கார வைக்க வேண்டாம், இரண்டு வேளை போதும். ஒன்று, வேஷம் கட்டுகிற இடம். வாத்தியாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு சாயங்காலம் இருட்டியதும் போய் ஓரமாக உட்காருங்கள். கையகலக் கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவரவர் முகத்தை அவரவரே எழுதிக்கொள்வார்கள். அப்புறம் உடம்பில் துணி சுற்றி, புஜக்கட்டை, மார்க்கட்டை, கிரீடம் என்று மரத்தில் செய்த அணிகளை ஒவ்வொன்றாகக் கயிறு போட்டு இறுக்குவார்கள். இறுக்கம் குறைந்தால் சுற்றி ஆடும்போது கிரீடம் சாய்ந்துவிடும், கூடிப்போனால் பாட மூச்சு வராது. அந்த அளவைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

இன்னொன்று படுகளம், துரியோதனன் விழுகிற காட்சி. அது பகலில் நடப்பதால் உங்களுக்கு வசதி. விடியற்காலையிலேயே மண்ணைக் குழைத்துத் தரையில் துரியோதனன் உருவம் செய்ய ஆரம்பிப்பார்கள். மல்லாந்து படுத்த மேனிக்கு ஒரு வீட்டைவிடப் பெரிதாக, கண், மீசை, நகையெல்லாம் வைத்து வர்ணம் தீட்டி முடிப்பார்கள். அப்புறம் பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றியும் மேலே ஏறியும் சண்டை போடுவார்கள், தொடையில் அடி விழும், பாஞ்சாலி கூந்தல் முடிவாள். சண்டையைப் பார்க்க எல்லோரும் வருவார்கள். நீங்கள் மண் வேலை நடக்கும்போதே பிள்ளைகளோடு போய் நில்லுங்கள். மண்ணில் உருவம் செய்யக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல வகுப்பு எந்த முகாமிலும் கிடைக்காது.

பயிற்சியை ஆவணியில் ஆரம்பியுங்கள், சனி ஞாயிறு மட்டும். புரட்டாசியிலிருந்து தை வரை எங்கேயாவது சாவு வீட்டில் கர்ண மோட்சம் ஆடக் கூப்பிடுவார்கள், மற்றபடி ஆட்கள் சும்மாதான் இருப்பார்கள், கூலி வேலைக்குப் போவார்கள். அப்போது கேட்டால் பையனை அனுப்ப மாட்டார், வாத்தியாரே வருவார். ஐப்பசி கார்த்திகை மழைக்குக் கூரை உள்ள இடம் பாருங்கள்.

சாக்பீஸ் எழுதியது:

மேடம், நான் அரசுப் பள்ளி ஆசிரியை. மேலே அண்ணன் சொன்ன காலக்கணக்கு பள்ளிக்கும் ஒத்துவரும். 2022-23இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாப் போட்டிகள் நடக்கின்றன, நாட்டுப்புறக் கலைகளும் அதில் உண்டு. போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய ஆள் இல்லாமல் நாங்கள் யூடியூப் பார்த்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், வெட்கமாக இருக்கிறது. உங்கள் சனி ஞாயிறு வகுப்பைப் பற்றித் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள், பிள்ளைகளை அவரே அனுப்புவார். சான்றிதழ் உண்டா என்று பெற்றோர் கேட்பார்கள், நூலகத்தின் பெயரில் ஒன்று அடித்துக் கொடுத்துவிடுங்கள், காகிதம்தானே.

மே மாதத்திலும் கையை வைத்துச் செய்கிற வேலையை வைக்கலாம். அசல் கட்டைகளைக் கல்யாண முருங்கை போன்ற கனமில்லாத மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் தங்க நிறத் தாளும் ஒட்டுவார்கள். பிள்ளைகள் பழைய அட்டைப் பெட்டியில் செய்யட்டும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், அது விஷம், நீங்கள் காய்ச்சும்போது வெறும் மைதா போதும், அன்றைக்குக் காய்ச்சியதை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். கண்ணாடியை நீங்களே வெட்டி ஓரத்தைத் தேய்த்துக் கொடுங்கள், அல்லது பளபளப்புத் தாளோடு விட்டுவிடுங்கள்.

முக வர்ணத்தில் கவனம் தேவை. அந்தக் காலத்து அரிதாரம் ஆர்சனிக் கலந்த கனிமம், இப்போது பெரும்பாலும் கடையில் கிடைக்கிற பவுடர்தான், ஆனாலும் சில பிள்ளைகளுக்கு அரிக்கும். முந்தின நாள் முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு மேலே எழுதினால் கலைப்பதும் சுலபம், அதே எண்ணெயைத் தொட்டுத் துணியால் துடைத்தால் வந்துவிடும். சோப்புப் போட்டுத் தேய்க்க விடாதீர்கள், கண் எரிகிறது என்று அழுது அடுத்த நாள் வராது.

கோடாங்கி எழுதியது:

தோழர், எல்லோரும் நல்லதைச் சொல்லிவிட்டார்கள், நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். கோயில் திடலில் வைக்காதீர்கள். தருகிறேன் என்று சொன்னவரின் மனதைக் குறை சொல்லவில்லை. ஆனால் காலனிப் பிள்ளைகள் அந்தத் திடலில் கால் வைக்கத் தயங்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நீங்கள் எல்லோரையும் வரச் சொல்லி நோட்டீஸ் அடிக்கலாம், பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஒரே தெருப் பிள்ளைகள் இருபது பேர் இருப்பார்கள். நூலகம், பள்ளிக்கூட வராந்தா, சமுதாயக் கூடம், இப்படி யாரும் யாரையும் கேட்காமல் நுழையக்கூடிய இடமாகப் பாருங்கள்.

விழாவில் பறையும் வைத்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அடித்தவர்களை மேடையில் உட்கார வைத்தீர்களா, அல்லது ஊர்வலத்துக்கு முன்னால் அடிக்கவிட்டு அனுப்பிவிட்டீர்களா? பயிற்சியில் பறையைச் சேர்ப்பதாக இருந்தால் அடியை மட்டும் கற்றுக்கொடுத்தால் பாதிதான். வளையத்துக்கு எந்த மரம், தோலை எப்படிப் பதப்படுத்துவது, வைக்கோல் தீயில் எவ்வளவு நேரம் காய்ச்சினால் சத்தம் ஏறும், அடிக்குச்சி ஏன் தடியாகவும் சிண்டுக்குச்சி ஏன் மெல்லிசாகவும் இருக்கிறது என்பதையெல்லாம் செய்கிறவரே வந்து சொல்லட்டும், அவரை வாத்தியார் என்றே பிள்ளைகள் கூப்பிடட்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் அம்மாக்களிடம் வாதாடிப் பயனில்லை. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலம் என்று 2002இல் தொடங்கிப் பல வருடம் நடந்தது. பள்ளிப் படிப்போடு சேர்த்துக் கூத்தும் கற்றுக்கொடுத்தார்கள், பெண் பிள்ளைகள் கட்டை கட்டி ராஜா வேஷமே போட்டு ஆடினார்கள். அங்கே படித்து வந்த பெண்கள் யாராவது ஒரு நாள் வந்து ஆடிக் காட்ட முடியுமா என்று விசாரியுங்கள். அம்மாக்களை முன் வரிசையில் உட்கார வையுங்கள். நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

காசு விஷயத்தை யாரும் தொடவில்லையே. வாத்தியாருக்கு ஜமாவில் ஒரு ராத்திரிக்குக் கையில் என்ன கிடைக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், மழுப்ப மாட்டார்கள், சொல்வார்கள். இரண்டு மணி நேர வகுப்புக்கு அதில் பாதிக்குக் குறையாமல் கொடுங்கள், வண்டிச் செலவு தனி. வாத்தியார் மட்டும் வந்தால் போதாது, மிருதங்கத்துக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும், தாளம் இல்லாமல் அடவு, அதாவது ஆட்டத்தின் காலடி, சொல்லிக் கொடுக்கச் சொல்லாதீர்கள். அவருக்கும் அதே மரியாதை, அன்றன்றைக்குப் பணம். கடைசியில் பொன்னாடை போர்த்திக் கும்பிட்டு அனுப்புகிற வழக்கத்தை விட்டுத் தொலையுங்கள் ஐயா, ஒவ்வொரு கலைஞர் வீட்டுப் பரணிலும் அது மூட்டையாகக் கிடக்கிறது.

பணம் எங்கிருந்து வரும்? விழாவுக்கு மேடை, சவுண்டு, ஃப்ளெக்ஸ் என்று எவ்வளவு போனது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், அதிலேயே பாதி வருடத்து வகுப்பு நடக்கும். பிள்ளைகளிடம் மாதம் ஒரு சின்னத் தொகை வாங்கலாம், முடியாதவர்களிடம் கேட்க வேண்டாம், ஆனால் யார் கொடுத்தார்கள் யார் கொடுக்கவில்லை என்பது உங்களில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். காஞ்சிபுரத்தில் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம் இருக்கிறது. அங்கே போய்ப் பிள்ளைகளுக்குக் கலை கற்றுக்கொடுக்கிற ஜவகர் சிறுவர் மன்றம் பற்றியும் நாட்டுப்புறக் கலைப் பயிற்சிகள் பற்றியும் விசாரியுங்கள். கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள், நேரில் போங்கள். உங்கள் வாத்தியார் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். செய்யவில்லை என்றால் விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள், அது அவருக்கு நீங்கள் கொடுக்கிற சம்பளத்தைவிடப் பெரிய உதவி.

அனுமதி: வகுப்புக்குத் தேவைப்படாது. நிகழ்ச்சி வைத்தால் ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்துவிடுங்கள். ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி, அதனால் ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடியுங்கள். என்னைக் கேட்டால் மைக்கே வேண்டாம். முகவீணை என்கிற ஊதுகுழலும் கூத்துக் குரலும் மைக் வருவதற்கு முன்னால் ஊர் முழுக்கக் கேட்டவைதான், இருநூறு பேருக்கு என்ன குறைச்சல்?

மருதாணி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்றைக்கு நூலகத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துப் பேசினோம். மே மாதம் அட்டைக் கட்டை செய்வது, வேஷம் கட்டும் இடத்தைப் பார்ப்பது, படுகளம் போவது, அவ்வளவுதான். ஆவணியிலிருந்து சனி ஞாயிறு வகுப்பு. இடம் நூலகம், மழை வந்தால் பள்ளி வராந்தா. கோடாங்கி கேட்ட கேள்விக்குப் பதில், மேடையில் உட்கார வைக்கவில்லை. திடல் வேண்டாம் என்று பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது தலைவலி, அவர் மனம் கோணினால் ஊரில் பாதிப் பேர் கோணுவார்கள்.

இன்னொரு சந்தேகம். அரையாண்டு லீவில் பிள்ளைகளை வைத்து ஒரு மணி நேரம் ஆட வைப்பதாக இருந்தால் எந்தக் கதையை எடுப்பது? திரௌபதி துகிலுரிகிற கதை வேண்டாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பின்பாட்டு எழுதியது:

பெரியவரிடம் மழையைச் சொல்லுங்கள், திடலில் கூரை இல்லை அல்லவா? அவரை முதல் நாள் வகுப்பைத் தொடங்கி வைக்கக் கூப்பிடுங்கள், நூலகத்துக்கே.

கதை என்று கேட்டால், பாரதத்தில் விராட பர்வத்து மாடுபிடி சண்டை எடுங்கள், கௌரவர்கள் ஓட்டிப்போகிற மாடுகளை மீட்கிற கதை. நிறையப் பிள்ளைகளுக்கு வேலை இருக்கும், மாடாக வருவதற்கே ஏழெட்டுப் பேர் வேண்டும், சின்னதுகள் சந்தோஷமாக வரும். வீராப்பாகத் தேரேறிப் போய், படையைக் கண்டு பயந்து ஓடுகிற இளவரசன் உத்தரன் வேஷத்தை நன்றாகப் பேசுகிற பிள்ளைக்குக் கொடுங்கள், சிரிப்பு அங்கேதான். கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியக்காரனை மட்டும் முதலிலேயே யாருக்கு என்று முடிவு செய்யாதீர்கள். இரண்டு மாதம் போகட்டும், வகுப்பில் வாத்தியாரையே கிண்டல் செய்கிற ஒன்று தானாக வெளியே வரும், அது பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. வேஷம் களத்துக்கு வரும்போது முன்னால் திரை பிடிக்க இரண்டு பேரை மறக்காமல் பழக்குங்கள், எல்லா இடத்திலும் அதைக் கடைசி நிமிடத்தில்தான் தேடுகிறார்கள்.