ஆறு பேர் வேலையைப் பார்த்துக்கொள்கிறேன், சம்பளம் மட்டும் பழைய லெவலிலேயே

செமிகோலன்:
டெவலப்பராக 9 வருடம் ஆகிறது. எங்கள் டீம் லீட் வேலையை விட்டுப் போனபோது "கொஞ்ச நாள் டீமைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் மேனேஜர், அந்தக் கொஞ்ச நாள் இப்போது 14 மாதம் ஆகிவிட்டது. ஆறு பேருடைய கோட் ரிவ்யூ (எழுதியதைச் சரிபார்ப்பது), ஸ்பிரிண்ட் பிளானிங் (அடுத்த சில வார வேலையைத் திட்டமிடுவது), ராத்திரி புரொடக்‌ஷன் (நிஜமாக ஓடும் சிஸ்டம்) படுத்தால் முதல் போன், எல்லாம் எனக்குத்தான். சொந்தமாகக் கோட் எழுத வாரத்தில் ஒன்றரை நாள் கிடைத்தால் பெரிது. அப்ரைசலில் எல்லோருக்கும் போட்ட அதே சதவீதம்தான் எனக்கும். இதில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், 5 வருட அனுபவம், என்னைவிட அதிகம் வாங்குகிறாராம். அவருடைய கோட் ரிவ்யூவும் நான்தான்! அனுபவத்துக்குத்தான் காசா, பொறுப்புக்கா, இல்லை இரண்டுக்கும் கிடையாதா?

பழையபக்:
வருடக் கணக்கு முதல் ஐந்தாறு வருடத்துக்குத்தான் நன்றாக வேலை செய்யும். கற்றுக்குட்டியிலிருந்து சீனியர் ஆகும்வரை சம்பளம் மளமளவென்று ஏறும், அப்புறம் 9 வருடமும் 13 வருடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏனென்றால் சம்பளம் ஆளுக்கு இல்லை, லெவலுக்கு. ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு பேண்ட், அதாவது சம்பள வரம்பு, அதற்குக் கீழ் எல்லை, மேல் எல்லை. மேல் எல்லையை நெருங்க நெருங்க சம்பள ஹைக் சுருங்கும், நீங்கள் எவ்வளவு உழைத்தாலும். புதியவர் விஷயம் வேறு. அவர் இன்றைய மார்க்கெட் விலையில் வந்தார், நீங்கள் என்றோ வாங்கிய சம்பளத்தின் மேல் சதவீதம் சதவீதமாக ஏறி வருகிறீர்கள். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் எல்லா இடத்திலும் இதுதான் கதை.

மேசைக்குஅந்தப்பக்கம்:
நான் மேனேஜர், திட்டினாலும் பரவாயில்லை. ஆளை எண்ணி யாரும் சம்பளம் போடுவதில்லை. பெரிய நிறுவனங்களில் கோட் எழுதுபவர்களுக்கு ஒரு ஏணி, ஆட்களை நிர்வகிப்பவர்களுக்கு இன்னொரு ஏணி, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போகும். கூகுளில் கோட் எழுதுபவர்கள் ஏணியில் எல்5 சீனியர், அதற்கு மேல் படி எல்6, அதற்குப் பெயர் ஸ்டாஃப். மெட்டாவில் அதே ஏணியின் ஈ6-ம் மேனேஜர் ஏணியின் எம்1-ம் ஒரே மட்டம். அதாவது மேனேஜர் ஆவதே அங்கே ப்ரொமோஷன் கிடையாது, பக்கவாட்டில் நகர்வதுதான். லெவலை உயர்த்துவது உங்கள் முடிவு எவ்வளவு தூரம் பாதிக்கிறது என்பது. ப்ரொமோஷன் கூட்டத்தில் "ஆறு பேரைப் பார்த்துக்கொள்கிறார்" என்று சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். "மாதம் ஒரு முறை போன ரிலீஸ் இப்போது வாரம் ஒரு முறை போகிறது, அதற்கான டிசைன் இவருடையது" என்றால் பேச்சு வேறு மாதிரி போகும். ஒன்று கேட்கிறேன்: அந்த ஆறு பேரின் அப்ரைசலை யார் எழுதுகிறார்கள்? நீங்கள் இல்லை என்றால், காகிதத்தில் உங்களுக்கு டீமே இல்லை.

நடுராத்திரிடெப்ளாய்:
மேலே சொன்னதெல்லாம் ஏணி இருக்கிற இடத்துக்கு. இருபது பேர் வேலை செய்யும் கம்பெனியில் ஏணியும் இல்லை, பேண்டும் இல்லை, முதலாளி மனசுதான். அங்கே லீட் என்ற பட்டத்தைச் சம்பளத்துக்குப் பதிலாகவே கொடுப்பார்கள், நானும் ஒருமுறை பல்லை இளித்துக்கொண்டு வாங்கினேன். இன்னொன்று, அந்தப் புதியவரின் தொகையில் ஜாயினிங் போனஸும் ஷேரும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷேர் பெரும்பாலும் 4 வருடத்தில் பிரித்துத்தான் கைக்கு வரும், முதல் வருடம் முடியாமல் கிளம்பினால் பல இடங்களில் ஒன்றும் கிடைக்காது. பேசிக்கை பேசிக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதிலும் அவர் அதிகம் என்றால் உங்கள் கோபம் நியாயம்தான்.

செமிகோலன்:
பேசிக்கே அதிகம், அதை விடுங்கள். அப்ரைசல் கேள்விதான் சுருக்கென்று தைத்தது. எழுதுவது மேனேஜர், ஆனால் ஒவ்வொரு முறையும் "ஒவ்வொருவரைப் பற்றியும் நாலு வரி அனுப்புங்கள்" என்று எனக்கு மெயில் வரும், நான் அனுப்பியது எழுத்து மாறாமல் அவர்கள் அப்ரைசலில் இருக்கும். டீம் பையன் ஒருவன் காட்டினான், என் எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது.

மேசைக்குஅந்தப்பக்கம்:
அந்த மெயில்களை முதலில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். அப்புறம் அடுத்த முறை நாலு வரி கேட்கும்போது, லெவல் மாற்றத்தை எப்போது பேசலாம் என்று அதே மெயிலுக்கு ரிப்ளை போடுங்கள்.